பிசிறு பார்க்கும் காவற்காரன்

கணக்கு எழுதிப் பிழைக்கிறவன், தான் செய்த கணக்குப் பிழையைப் பத்திரிகையிலே எழுதுவது தன் வீட்டுக் குப்பையைத் தானே தெருவில் கொட்டுவது போன்றதென்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. குப்பையை வீட்டு மூலையிலே ஒளித்து வைக்கிறவன் வீட்டில்தான் பூச்சி பெருகும். ஆகவே, என் கையால் நேர்ந்த ஒரு பிழையையும், அதனால் நான் கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தையும் இங்கே ஒளிக்காமல் சொல்லப் போகிறேன். விஷயம் கணினி சம்பந்தமானதாயினும், தோட்டத்து லயத்திலே பிறந்த எவருக்கும் விளங்கும்படி சொல்லக்கூடியதே என்பது என் நம்பிக்கை.

நான் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கிறவன். என் பெற்றோர் அதே தோட்டத்துத் தொழிலாளிகள். 2003-ஆம் வருஷத்தில் இந்நாட்டுப் பள்ளிகளில் கணக்கையும் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கத் தொடங்கியபோது நான் இடைநிலைப் பள்ளியின் முதற் படிவத்தில் சேர்ந்தேன். பின்னர்ப் பட்டணத்தில் ஆங்கிலத்திலேயே படித்தேன். அந்த ஆங்கிலத்தின் பலனாகக் கணினி கைவசமாயிற்று. கணினியின் பலனாகக் காரியாலயத்தில் நாற்காலி கிடைத்தது. நாற்காலியோடு கூடவே சிறிது அகம்பாவமும் வந்து சேர்ந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2016-ஆம் வருஷம் ஒரு சம்பள நாளன்று மாலையில், உதிரிப்பழம் பொறுக்கும் ஓர் அம்மாள் காரியாலயத்துப் படிக்கட்டில் வந்து நின்றார். என் தாயாரோடு ஒரே நிரையில் வேலை செய்தவர். சிறு வயதில் என்னை இடுப்பில் சுமந்தவர். நான் அவரை அத்தை என்றுதான் அழைப்பேன்.

“தம்பி, எனக்கு மூன்று மாதமாகப் பழக்காசு குறைகிறது. பார்த்துச் சொல்லுப்பா” என்றார்.

நான் கணக்குத் தாளைத் திறந்து, அடியிலே இருந்த மொத்தத்தைப் பார்த்தேன். சம்பளச் சீட்டில் இருந்த தொகையும் அதுவும் ஒத்திருந்தன. “சரியாகத்தான் இருக்கிறது அத்தை. இது கணினி போட்ட கணக்கு, தப்பாது” என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. “கணினி எனக்குத் தெரியாது தம்பி. ஒவ்வொரு மூட்டைக்கும் கதவிலே ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். கதவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. நேரமிருந்தால் வந்து எண்ணிப் பார்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். கதவின் உட்புறம் முழுவதும் சுண்ணாம்புக் கட்டிக் கோடுகள். மாதத்திற்கொரு வரிசை, நாளுக்கொரு கொத்து. எண்ணினேன். காரியாலயத்திற்குத் திரும்பி வந்து நாள்வாரியாக ஒப்பிட்டேன். ஒவ்வொரு மாதமும் முதலிரண்டு நாட்களின் எடை மொத்தத்தில் சேரவேயில்லை. எண்கள் தாளிலே கண்ணெதிரே இருந்தன. ஆனால் கூட்டலில் இல்லை!

காரணம் அற்பமானது. தொழிலாளர் எண்கள் பூஜ்யத்தில் தொடங்குவதால், அந்தப் பூஜ்யம் மறையாதிருக்க அந்தப் பத்தியை ‘எழுத்து’ என்று நான் வகைப்படுத்தியிருந்தேன். அப்படிச் செய்கையில் கை சிறிது நகர்ந்து, தொலைவிலுள்ள ஒரு மலையில் வேலை செய்கிறவர்களின் வரிசைகளில் பக்கத்து இரண்டு பத்திகளும் அவ்வாறே ஆகிவிட்டன. ‘எழுத்து’ என்று வகைப்படுத்திய கட்டத்தில் 84 என்று தட்டினால், கணினி அதை எண்பத்து நான்கு என்று கொள்ளாது. ஓர் எட்டும் ஒரு நான்குமான எழுத்துக்கள் என்று கொள்ளும். கூட்டற் சூத்திரமோ எழுத்துள்ள கட்டங்களை ஒரு வார்த்தையும் சொல்லாமல் தாண்டிப் போய்விடும். பிரதி மாதமும் பழைய தாளையே நகலெடுத்துப் புதிய தாளாக்கியபடியால், பிழையும் பிரதி மாதம் நகலாகிக் கொண்டே வந்தது. கணினி தப்புச் செய்யவில்லை. சொன்னதைச் செய்தது. தப்பாகச் சொன்னவன் நான்.

அவருடைய வரிசையைத் திருத்தி, 137 வெள்ளி பாக்கியென்று துரையிடம் எழுதி ஒப்பம் வாங்கி, அதைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்து மன்னிப்பும் கேட்டேன். காரியம் முடிந்தது என்று எனக்கு எண்ணம். அவர் பணத்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்:

“எனக்குச் சரியாயிற்று. எனக்கு வந்த தப்பு எனக்கு ஒருத்திக்கு மட்டுமா வந்திருக்கும்?”

வாசகர்களே, நான் பள்ளியிலும் பட்டணத்திலும் படித்த காலத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் இதற்கு ஈடான கேள்வி ஒன்றில்லை. ஓடோடி வந்து பார்த்தேன். எங்கள் காரியாலயத்தில் உபயோகிப்பது லிபரே ஆபீஸ் என்னும் விலையில்லாத மென்பொருள். அதில் கண்ட்ரோலையும் எப்-8-ஐயும் சேர்த்து அழுத்தினால் எண்களெல்லாம் நீலமாகவும், சூத்திரங்கள் பச்சையாகவும், எழுத்துக்கள் கறுப்பாகவும் மாறும். அழுத்தினேன். நீலக் கடலின் நடுவே பன்னிரண்டு கறுப்புக் கட்டங்கள் நின்றன. ஆறு பேர், ஆளுக்கு இரண்டு நாட்கள். அந்த ஆறு பேரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர்கள் கதவில் கோடு போடுகிறவர்களல்லர். காரியாலயத்துக் கணக்கை நம்பினவர்கள். அதாவது, என்னை நம்பினவர்கள். சம்பளம் குறைந்தால் ஊழியர் சேமநிதிக்குப் போகும் தொகையும் குறையும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த விரல் நழுவல் அவர்களுடைய முதுமை வரையில் எட்டக்கூடியது.

அந்த ஆறு பேருக்கும் பாக்கி கொடுக்கப்பட்டது. ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஒரு பிழையைத் திருத்துவது ஒரு வேலை. அந்த இனத்துப் பிழை எங்கெங்கே இருக்கிறதென்று தேடுவது இரண்டாவது வேலை. இனி அது வராதபடி வாசலில் ஒரு காவலை நிறுத்துவது மூன்றாவது வேலை. நான் முதல் வேலையை மட்டும் செய்துவிட்டுக் கைகழுவப் பார்த்தேன். உலகத்திலே பெரிய பெரிய மென்பொருள்களைக் கட்டுகிறவர்கள் இந்த மூன்றாவது வேலையை எவ்வாறு செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆவல் உண்டாயிற்று. இரவு நேரங்களில் படிக்கத் தொடங்கினேன்.

நிற்க. இந்த வேலைக்கு ஒரு பெயருண்டு. 1970-களில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் ஸ்டீபன் ஜான்ஸன் என்பவர், ‘சி’ மொழியில் எழுதிய நிரல்களை ஓட்டிப் பாராமலே படித்து, சந்தேகத்துக்குரிய இடங்களைச் சுட்டிக் காட்டும் ஒரு கருவியைச் செய்தார். அதைப் பற்றிய அவருடைய அறிக்கை 1978-ல் வெளியாயிற்று. அதற்கு ‘லிண்ட்’ என்று பெயரிட்டார். துணியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பஞ்சுப் பிசிறுக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். துணி கிழிந்திருக்கவில்லை, உடுத்தவும் உடுத்தலாம், ஆனால் பிசிறைப் பொறுக்கி எடுத்துவிட்டால் நல்லது. அதன் வழி வந்த கருவிகளை எல்லாம் இன்று ‘லிண்டர்’ என்கிறார்கள்.

பொதுவான லிண்டர்கள் எல்லா நிரல்களுக்கும் பொதுவான பிசிறுகளைப் பார்க்கும். ஆனால் ஒவ்வொரு பெரிய மென்பொருளுக்கும் அதற்கே உரிய வழக்கங்களும், அதற்கே உரிய பழைய வியாதிகளும் உண்டு. அவற்றை ஊர்ப் பொதுக் காவற்காரன் அறியமாட்டான். அந்த வீட்டிலேயே இருப்பவன்தான் அறிவான். ஆகவே பெரிய மென்பொருட்காரர்கள் தங்களுக்கென்றே தனி லிண்டர்களை எழுதிக்கொள்ளுகிறார்கள். இதற்கு நல்ல உதாரணம், என் தப்பை நீலத்தாலும் கறுப்பாலும் காட்டிக்கொடுத்த அதே லிபரே ஆபீஸ்தான்.

அதன் வரலாறு நீண்டது. 1980-களின் நடுவில் ஜெர்மனியில் மார்க்கோ போரிஸ் என்னும் இளைஞர் தொடங்கிய எழுத்து மென்பொருள் அதற்கு மூதாதை. 1999-ல் அமெரிக்காவின் ஸன் கம்பெனி அதை வாங்கியது. 2000-ல் அதன் நிரலைப் பொதுவுடைமையாக வெளியிட்டது. 2010 செப்டம்பரில் அதை வளர்த்தவர்களில் பலர் பிரிந்து வந்து லிபரே ஆபீஸ் என்று நடத்தலானார்கள். இத்தனை கை மாறிய அந்த நிரல் பல பத்து லட்சம் வரிகள் கொண்டது. அதன் நடுவே ஜெர்மன் மொழியில் எழுதிய குறிப்புகள் ஏராளமாய் இருந்தன. அவற்றைத் தேடி ஆங்கிலமாக்குவதே ஒரு தனித் தொண்டாக நடந்தது என்றால், பழமையின் கனத்தை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். பல தலைமுறை கிராணிகள் எழுதிவிட்டுப் போன பேரேடு போன்றது அது.

அந்தப் பழமையிலிருந்து வந்த வியாதிகளில் ஒன்றைச் சொல்லுகிறேன். ஆம், இல்லை என்ற இரண்டே விடைகளைக் குறிக்க அவர்கள் பழங்காலத்திலேயே சொந்தமாக ஒரு வகையை ஏற்படுத்தியிருந்தார்கள். உண்மையில் அது 0 முதல் 255 வரை எந்த எண்ணையும் கொள்ளக்கூடிய ஒரு சிறு பெட்டி. பூஜ்யம் என்றால் இல்லை; மற்றது ஆம். ஆனால் ஒருவர் 1 என்று ஆம் சொல்ல, மற்றொருவர் 2 என்று ஆம் சொல்லி, இரண்டும் சமமா என்று ஒப்பிட்டால், ‘இல்லை’ என்று விடை வரும். இரண்டு ஆம்கள் கூடி ஓர் இல்லையைப் பெற்றுவிடும்! பொது லிண்டருக்கு இதில் குற்றம் தெரியாது. அந்த வீட்டுக் கதை தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் அந்தப் பழைய வகையை இயன்ற இடமெங்கும் நீக்கிச் சரியான வகையை வைத்ததோடு, அது மறுபடியும் புகாதபடி பார்த்துக்கொள்ள ஒரு லிண்டரையும் எழுதி வைத்தார்கள்.

இன்னொன்று. ஒரு மாறியை உண்டாக்கிவிட்டுப் பிறகு உபயோகிக்காமலே விட்டால் கம்பைலர் எச்சரிக்கும். ஆனால் அந்த மாறி, பிறக்கும்போதும் அழியும்போதும் ஏதாவது வேலை செய்யும் வகையாயிருந்தால், வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள் போலும் என்று எண்ணி வாயை மூடிக்கொள்ளும். லிபரே ஆபீஸில் சொற்றொடரை வைக்கும் வகையும் அத்தகையது. ஆகவே உபயோகமற்ற சொற்றொடர்கள் நிரலெங்கும் சிதறிக் கிடந்தன. அப்படியானால் உபயோகிக்காத மாறி அனைத்தையும் குற்றமென்று சொல்லிவிடலாமா? கூடாது. மரம் சாய்க்கும் இடத்தில் வழியிலே சிவப்புக் கொடி நட்டு வைக்கிறோம். அந்தக் கொடியை எடுத்து யாரும் எதையும் செய்வதில்லை. அது அங்கே நிற்பதே அதன் வேலை. நிரலிலும் பூட்டு என்று ஒரு வகை உண்டு. அது நிற்கும் வரையில் மற்றவர் உள்ளே வரலாகாது. அதை உபயோகமற்றதென்று பிடுங்கினால் ஆபத்து. ஆகவே அவர்கள், எந்தெந்த வகைகள் உபயோகமின்றி நின்றால் குற்றமோ அவற்றின்மீது மட்டும் ஓர் அடையாளம் இட்டு, லிண்டர் அந்த அடையாளமுள்ளவற்றை மட்டும் பிடிக்கும்படி செய்தார்கள். கொடியையும் குச்சியையும் பகுத்தறியக் கற்றுக்கொடுத்தார்கள் என்று சொல்லலாம்.

இதை எவ்வாறு செய்கிறார்கள்? வெறும் எழுத்துத் தேடலால் செய்வதில்லை. தாளில் ‘மாடு’ என்ற சொல்லைத் தேடினால், மாடு மேய்ந்ததும் வரும், ‘மாடு என்றால் செல்வம்’ என்ற உரையும் வரும், ‘மாடுகள் நுழையலாகாது’ என்ற பலகையும் வரும். எது வினை, எது எழுவாய் என்று அறிந்தவனே வாக்கியத்தில் குற்றம் காண முடியும். கம்பைலர் நிரலைப் படிக்கும்போது அதை இலக்கணப்படி பிரித்து ஒரு மரம்போல் அமைத்துக்கொள்ளுகிறது. லிபரே ஆபீஸின் லிண்டர்கள் கிளாங் என்னும் கம்பைலரோடு இணைந்து, அந்த மரத்தின் கிளைகளிலே ஏறி இறங்கி, தங்களுக்குரிய குற்றம் எந்தக் கிளையில் இருக்கிறதென்று பார்க்கின்றன. கண்டால், கோப்பின் பெயரையும் வரியின் எண்ணையும் சொல்லி நிறுத்துகின்றன.

இவையெல்லாம் பிசிறுதானே, இதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்களுக்கு 2014-ஆம் வருஷத்துச் சம்பவம் ஒன்றைச் சொல்லுகிறேன். அவ்வாண்டு பிப்ரவரியில் ஆப்பிள் கம்பெனி தன் கைப்பேசிகளிலும் கணினிகளிலும் இருந்த ஒரு பிழையைத் திருத்தி வெளியிட்டது. மறைவாகப் பேச வேண்டிய வலைத்தளம் உண்மையானதுதானா என்று சோதிக்கும் நிரலில், ‘கோ-டூ பெயில்’ என்ற ஒரே வரி தவறுதலாக இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது. இரண்டு வரிகளும் ஒரே அளவு உள்ளே தள்ளி எழுதப்பட்டிருந்தபடியால், இரண்டும் நிபந்தனைக்குட்பட்டவை போலக் கண்ணுக்குத் தோன்றின. உண்மையில் இரண்டாவது வரி நிபந்தனைக்கு வெளியே நின்று எப்போதும் ஓடியது. கையெழுத்துச் சோதனை நடைபெறாமலே போயிற்று. என் கட்டத்து 84-ஐப் போலவே, கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறொன்று. லிபரே ஆபீஸின் தனி லிண்டர்களில் ஒன்று, இப்படி வெளித்தோற்றத்தால் ஏமாற்றும் இரட்டை வரிகளைப் பிடிப்பதற்கென்றே இருக்கிறது. ஜி.சி.சி. என்னும் கம்பைலரில் இத்தகைய எச்சரிக்கை 2016-ல் வந்த ஆறாம் பதிப்பில் சேர்ந்தது.

இனி, பழைய பெரிய மென்பொருளில் புதிய லிண்டரைச் சேர்க்கும் முறையைச் சொல்லுகிறேன். இதில்தான் மனித சுபாவத்தை அறிந்த விவேகம் வேண்டும். முதலாவது, ருசியைப் பற்றிச் சட்டம் போடலாகாது; உண்மையில் நேர்ந்த குற்றத்தைப் பற்றியே போட வேண்டும். இரண்டாவது, குற்றமுள்ள சிறு நிரலையும் குற்றமற்ற சிறு நிரலையும் மாதிரியாக எழுதி, முன்னதைப் பிடிக்கிறதா, பின்னதை விடுகிறதா என்று லிண்டரையே சோதிக்க வேண்டும். காவற்காரனுக்கும் ஒரு காவல் தேவை. மூன்றாவது, அதை நிரல் முழுவதும் ஓட்டிப் பார்க்க வேண்டும். நூற்றுக்கணக்கில், சிலசமயம் ஆயிரக்கணக்கில் குற்றங்கள் வரும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, மெய்க்குற்றம் எது, பொய்க்குற்றம் எது என்று பிரித்து, பொய்க்குற்றம் வராதபடி லிண்டரைக் குறுக்க வேண்டும். நான்காவது, பழைய குற்றங்களைப் பகுதி பகுதியாகத் திருத்த வேண்டும். சில திருத்தங்களைக் கருவியே செய்துவிடும். சிலவற்றுக்கு மனிதன் யோசிக்க வேண்டும். ஐந்தாவதாக, வீடு சுத்தமான பிறகே கதவை மூட வேண்டும். அதாவது, இனி அந்தக் குற்றமுள்ள திருத்தம் எதுவும் உள்ளே வராதபடி தடை போட வேண்டும்.

இந்த வரிசையை மாற்றிச் செய்து கெட்டவர்கள் பலர். சுத்தம் செய்யாமல் எச்சரிக்கையை மட்டும் திறந்துவிட்டால், எவன் எதைத் தொட்டாலும் பாட்டன் காலத்துக் குற்றங்கள் அவன் தலையிலே விழும். அவன் ஒரு வாரம் பொறுப்பான். பிறகு எச்சரிக்கையையே பாராமலிருக்கப் பழகுவான். ‘புலி வருது, புலி வருது’ என்று கத்திய பையன் கதைதான். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திருத்த இயலாத இடங்களில், பழையனவற்றைப் பட்டியலிட்டு அவற்றை மட்டும் தற்காலிகமாகப் பொறுத்து, புதியது ஒன்றும் சேராதபடி பார்ப்பதும் ஒரு வழி. எப்போதாவது மாத்திரம் ஓட்டத்தக்க லிண்டர்களை லிபரே ஆபீஸ்காரர்கள் தனியறையில் வைத்திருக்கிறார்கள். தினமும் வாசலில் நிற்க வேண்டிய காவற்காரன் வேறு, வருஷத்திற்கொரு முறை வந்து கூரையைப் பார்ப்பவன் வேறு என்ற பாகுபாடு அதில் இருக்கிறது.

2019-ல் நானும் அந்த மென்பொருளுக்கு ஒரு சிறு திருத்தம் எழுதி அனுப்பினேன். புதியவர்களுக்கென்று எளிய வேலைகளின் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறார்கள், அதிலே ஒன்று. என் மடிக்கணினியில் அந்த நிரலைக் கட்டி முடிக்க ஓர் இரவு முழுவதும் பிடித்தது. பெருமையோடு அனுப்பினேன். மனிதர் யாரும் பார்ப்பதற்கு முன்னரே, சோதனை யந்திரம் அதைத் தடுத்துவிட்டது. உபயோகமற்ற ஒரு சொற்றொடரை நான் உண்டாக்கிவிட்டு மறந்திருந்தேன். கோப்பின் பெயரும் வரியின் எண்ணும் இருந்தன, வேறொன்றுமில்லை.

முதலில் முகம் சுருங்கிற்று. பிறகு யோசித்தேன். இதையே ஒரு மனிதர் சொல்லியிருந்தால், இவன் எந்த ஊரான், எந்தப் பட்டம் பெற்றவன், தோட்டத்துக் கிராணிக்கு இங்கென்ன வேலை என்றெல்லாம் அவர் நினைத்திருப்பாரோ என்று நான் சந்தேகப்பட்டிருப்பேன். யந்திரத்திற்கு அந்த எண்ணமில்லை. இருபது வருஷம் அந்த நிரலில் உழைத்தவர் அதே தப்பைச் செய்தாலும் அதே சொல்லைத்தான் சொல்லும். குற்றம் ஆளின்மீது அல்ல, வரியின்மீது. வரியைத் திருத்தினேன், தடை நீங்கியது. பின்னர் மனிதர் ஒருவர் பார்த்து, நிரலின் நோக்கத்தைப் பற்றி இரண்டு நல்ல கேள்விகள் கேட்டார். பிசிறு பொறுக்கும் வேலையை யந்திரம் செய்துவிட்டபடியால், மனிதர் மனிதருக்குரிய வேலையைச் செய்ய அவகாசம் இருந்தது.

இவ்வாறு கற்றதை எங்கள் காரியாலயத்திலும் செய்ய விரும்பினேன். சம்பளத் தாளில், நிரம்பிய கட்டங்கள் எத்தனை, அவற்றில் எண்கள் எத்தனை என்று தனித்தனியே எண்ணி, இரண்டும் ஒவ்வாவிட்டால் மொத்தத்தையே காட்டாமல் சிவப்பாக நிற்கும்படி ஒரு சூத்திரம் எழுதினேன். பெரிய கிராணிக்கு அது பிடிக்கவில்லை. “முப்பது வருஷம் கணக்கு எழுதியவனை உன் சிவப்புக் கட்டம் திருத்துமா?” என்றார். அவர் சொன்னதிலும் நியாயமிருந்தது. நான் வரிசையை மாற்றிச் செய்திருந்தேன். பழைய தாள்களைச் சுத்தம் செய்யாமலே தடையைப் போட்டுவிட்டபடியால், அவர் திறந்த தாளெல்லாம் சிவந்து நின்றது. நான் தடையை எடுத்துவிட்டு, இரண்டு மாதம் மாலை நேரங்களில் இருந்து பழைய தாள்களைத் திருத்தினேன். அதன் பிறகே மறுபடியும் போட்டேன். அடுத்த சம்பளத்தின்போது அவர் தாளிலே ஒரே ஒரு சிவப்பு வந்தது. பார்த்தார், திருத்தினார், ஒன்றும் பேசவில்லை. அதற்கடுத்த மாதம், விடுமுறை நாளில் வேலை செய்ததாக வரும் பதிவையும் இப்படிப் பிடிக்க முடியுமா என்று அவரே கேட்டார்.

ஆயினும் இந்தக் காவற்காரனுடைய எல்லையையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. எண்ணின் இடத்தில் எழுத்து இருக்கிறதா என்று அது பார்க்கும். எழுதிய எண் மெய்யான எண்தானா என்று அதற்குத் தெரியாது. மலையிலே 84 கிலோ நிறுத்தவர் 48 என்று சொன்னால் அது தலையாட்டும். ஒரு கிலோவுக்கு இவ்வளவு காசு என்ற விகிதம் நியாயமா என்று அது ஒருநாளும் கேட்காது. சட்டமாக எழுதக்கூடியதை மட்டுமே அது காக்கும். சட்டத்தின் நியாயத்தை மனிதர்தான் காக்க வேண்டும். சிவப்பு வரவில்லை என்பதால் எல்லாம் சரி என்று நம்புகிறவன், ‘கணினி தப்பாது’ என்று நான் அன்று படிக்கட்டில் சொன்ன அதே வார்த்தையைத்தான் வேறு விதமாகச் சொல்லுகிறான்.

ஆகவே நான் இன்னொன்றும் செய்தேன். சம்பளச் சீட்டில் மொத்தத்தை மட்டும் அச்சிடாமல், நாள்வாரியாக மூட்டையும் எடையும் அச்சிட ஏற்பாடு செய்தேன். சம்பளத்துக்கு மூன்று நாள் முன்னதாகவே அது அவரவர் கைக்குப் போகும். ஒவ்வாததைச் சொல்ல அவகாசம் இருக்கும். அத்தை இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். கதவுக்கும் புதுச் சாயம் அடித்துவிட்டார்கள். ஆனால் அவருடைய நிரையில் வேலைக்கு வந்த பெண்களில் இருவர், சிறிய குறிப்புப் புத்தகத்தில் நாள்தோறும் எழுதி வருகிறார்கள். சென்ற மாதம் ஒருத்தி அந்தப் புத்தகத்தோடு வந்து, ஒரு மூட்டை குறைகிறது என்றாள். பார்த்தேன், குறைந்துதான் இருந்தது. என் சிவப்புக் கட்டம் அதைப் பிடிக்கவில்லை.

தோட்டத்து வாலிபர்களே, பட்டணத்தில் படிக்கும் தம்பி தங்கைகளே! உங்களில் கணினி கற்றவர்கள், ஒரு பிழையைக் கண்டால் அதை மட்டும் திருத்திவிட்டு எழுந்து போகாதீர்கள். இது வேறு எங்கே இருக்கிறது, இனி வராமலிருக்க என்ன செய்யலாம் என்று கேளுங்கள். கணினி கற்காதவர்கள், உங்கள் வீட்டுச் சம்பளச் சீட்டை இந்த மாதம் ஒரு முறையாவது கூட்டிப் பாருங்கள். கூட்டத் தெரியாத பெரியவர்களுக்குக் கூட்டிக் கொடுங்கள். கணக்கு ஒவ்வாவிட்டால் காரியாலயத்துப் படிக்கட்டில் ஏறிக் கேளுங்கள். அங்கே நாற்காலியில் இருக்கும் கிராணி என்னைப் போன்றவனாயிருந்தால், முதலில் கொஞ்சம் முகம் சுளிப்பான். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.